பத்தாம் நாள் அழைப்பு

மொன்ட்ரியாலில் இருந்துகொண்டு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் இருப்பவர்களுக்குத் தொலைக்காட்சி விற்பது என் வேலை. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். ஏன், அங்கே விற்க ஆளில்லையா என்று கேட்பார்கள். ஆள் இருக்கிறது. எங்களை வைத்திருப்பது மலிவு, அவ்வளவுதான். மலிவு விலை ஸ்மார்ட் தொலைக்காட்சியை மலிவான ஆட்களைக் கொண்டு விற்கிறார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

அலுவலகம் சென்-லோரானில், முன்பு துணி தைத்த தொழிற்சாலை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. நான் மொன்ட்ரியால்-நோரில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன். பாரிசில் பகல் பன்னிரண்டு என்றால் இங்கே காலை ஆறு. ஆறு மணிக்குக் காதில் ஹெட்செட் இருக்க வேண்டும். ஜனவரி மாதத்தில் அந்த நேரத்துக்குப் பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை, நிற்காதவர்களுக்கு விளக்கியும் பயனில்லை.

பத்து வயதில் இங்கே வந்தேன். படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். என்னுடைய பிரெஞ்சு இந்த ஊர்ப் பிரெஞ்சு. பிரான்சில் இருப்பவர்களுக்கு அது ஆகாது. ஏதோ காட்டுக்குள் இருந்து கதைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஆகவே முதல் மாதம் முழுவதும் அதைக் கழற்றுவதுதான் பயிற்சி. யாராவது நன்றி சொன்னால் நாங்கள் இங்கே "பியன்வெனு" என்போம். அதைச் சொல்லவே கூடாது என்றார்கள். இருபத்தைந்து வருடம் வாயில் இருந்ததை ஒரு மாதத்தில் விட்டேன். வேலைக்காக எதையும் விடக்கூடிய ஆள் நான் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

தமிழில் விற்கத் தொடங்கியது தற்செயலாகத்தான். பாரிசுக்குப் பக்கத்தில் இருந்து ஒருவர் விலை கேட்டு அழைப்பு எடுத்தார். நான் கழுவித் துடைத்த பிரெஞ்சில் இரண்டு வசனம் சொல்வதற்குள், "பிள்ளை தமிழோ?" என்றார். எவ்வளவு கழற்றினாலும் அடியில் கிடப்பது எங்கள் ஆட்களுக்குக் கேட்டுவிடும். ஓம் என்றேன். அடுத்த கேள்வி, "ஊரிலை எந்த இடம்?" உரும்பிராய் என்றேன். அதற்கு மேல் அவர் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சந்தியில் இருந்து எந்தப் பக்கம், ஆரின்ரை மகள், அப்பாவின் தமையன் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவரோ என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் பெரியதாக ஒன்று வாங்கினார். அந்தக் கிழமை அவருடைய சகலன் ஒன்று வாங்கினார், சகலனுக்குத் தெரிந்தவர் இரண்டு வாங்கினார்.

எங்கள் மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் இல்லை. இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர், வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் டோனட் வாங்கி வருவார். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது, ஆனால் விற்பனை ஏறினால் தெரியும். ஒரு மாதத்துக்குள் எனக்கென்று தனித் தமிழ்த் தொலைபேசி இலக்கம் வந்தது. பாரிஸ் தமிழ் வானொலி ஒன்றில் விளம்பரமும் போனது. ஊர் கேட்பது எங்களுக்குள் பிறந்த பழக்கம். இரண்டு பேர் சந்தித்தால் சொந்தம் பிடிபடும்வரை விடமாட்டோம். அந்தப் பழக்கத்தை நான் விற்பனை முறையாக்கினேன். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நானே முந்திக் கேட்டேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. ஐரோப்பாவில் தொலைபேசியில் வாங்கிய சாமானைப் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம், அது சட்டம். மற்றச் சனம் அதை நன்றாகவே பயன்படுத்தும். பெரிய உதைபந்தாட்டப் போட்டிக்கு முன்னால் வாங்கிப் போட்டி முடிந்ததும் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அதற்காகவே பத்தாம் நாள் நாங்கள் ஒரு அழைப்பு எடுப்போம். எல்லாம் திருப்தியா என்று கேட்டு, மனம் மாறியிருந்தால் கதைத்துச் சரிக்கட்டுவதுதான் அதன் நோக்கம். பதினான்காம் நாள் தாண்டிவிட்டால் அந்த வீட்டை மறந்துவிடலாம்.

எங்கள் சனம் திருப்பி அனுப்பவில்லை. பிடிக்காவிட்டாலும் அனுப்பவில்லை. லூசேர்னில் ஒருவருக்குத் திரையின் கரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. மாற்றித் தருகிறேன் என்றேன். "கிடக்கட்டும் பிள்ளை, கரையிலைதானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் வாங்கிய சாமானைக் குறை சொன்னால் என் முகத்தைப் பார்த்துக் குறை சொன்னது போலாகிவிடும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். முகத்தாட்சண்யம் என்பார்களே, அதுதான். என் முகத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை என்பது வேறு கதை. மேற்பார்வையாளரின் அட்டவணையில் தமிழ் இலக்கத்துக்கு நேரே திரும்பி வந்தவை என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. எப்படிச் செய்கிறாய் என்று அவர் கேட்டபோது தோளைக் குலுக்கிவிட்டுப் பெருமைப்பட்டேன்.

ஒரு பெப்ரவரிக் காலையில் ஒரு அன்ரி எடுத்தார். பாரிசின் வடக்குப் புறநகரில் மாடிக் குடியிருப்பில், அவரும் கணவரும் மட்டும். சொந்த இடம் கோண்டாவில், எங்கள் ஊருக்குப் பக்கம். என் அம்மாவும் அவரும் வெவ்வேறு வகுப்பில் ஒரே பள்ளிக்கூடம். அது தெரிந்ததும் "நீங்கள்" போய் "நீ" வந்தது. நிறம், அளவு, விலை எதுவும் அவர் கேட்கவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, இது தானா நிண்டுபோகுமோ?"

ஏன் கேட்கிறார் என்பதையும் சொன்னார். கணவருக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் வழங்காது, பேச்சும் போய்விட்டது, ஆனால் கேட்பது எல்லாம் விளங்கும். "நான் காலமை ஆறுக்குக் கிளீனிங்குக்குப் போனால் பதினொண்டரைக்குத்தான் வருவன். அதுவரைக்கும் அவர் தனிய. ரீவி ஓடிக்கொண்டிருந்தால் பேசாமல் இருந்து பாப்பார். நிண்டுதெண்டால் பயந்துபோடுவார், எழும்பப் பாப்பார். ஏற்கெனவே ஒருக்கா விழுந்திட்டார். இன்னொருக்கா விழுந்தால் வீட்டிலை வைச்சிருக்க ஏலாது, ஹோமிலை விடோணுமெண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டா. அங்கை ஒரு தமிழ்ச் சனமும் இல்லைப் பிள்ளை."

என்ன பார்ப்பார் என்று கேட்டேன். சமையல் நிகழ்ச்சி என்றார். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், இப்போது ஆட்டுக்கறி சமைப்பதைக் கண் வெட்டாமல் பார்ப்பாராம். அவருக்குக் கொடுப்பது கரைத்த கஞ்சிதான். "கண்ணாலை சாப்பிடுறார்" என்றார் அன்ரி. இருவரும் சிரித்தோம்.

"அது தானா நிக்காது அன்ரி. நான் எல்லாம் செற் பண்ணித் தாறன்" என்றேன்.

அப்போது அது பொய் இல்லை. அப்படித்தான் நானும் நம்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று ஒரு மணி நேரம் தொலைபேசியில் நின்றேன். எந்தப் பொத்தான், எந்தப் பக்கம் என்று சொல்லிச் சொல்லி, தமிழ்ச் சமையல் காணொளிகள் ஒன்று முடிய மற்றது தானாகவே வரும்படி வைத்துக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அந்த அன்ரியை மட்டுமல்ல, அவருடைய தாய் தேர் பார்க்க எந்த நிறச் சேலை உடுத்து வந்தா என்பதும் ஞாபகம் இருந்தது.

பெட்டி போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் எங்கள் எல்லோருக்கும் ஒரு உள் அறிவித்தல் வந்தது. கடந்த இரண்டு மாதத்தில் அனுப்பிய பெட்டிகளில் ஒரு வகைக்கு மென்பொருளில் பிழை. இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் ஓடினால் தானாக நின்றுவிடும். யாராவது ரிமோட்டில் அமத்தினால்தான் திரும்ப வரும். திருத்தம் வந்துகொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் ஒழிய நீங்களாக இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். கேட்டால் முதலில் அவர்களுடைய இன்டர்நெட்டைச் சரிபார்க்கச் சொல்லவும்.

வகையின் இலக்கத்தைப் பார்த்தேன். அன்ரிக்கு அனுப்பிய பெட்டிதான்.

பத்தாம் நாள் காலை, பட்டியலில் அவருடைய பெயர் முதலாவதாக இருந்தது. எடுத்தேன். சுகம் கேட்டார், அம்மாவின் முழங்கால் நோவைக் கேட்டார், அங்கே எவ்வளவு குளிர் என்று கேட்டார். ரீவி எப்படி என்றேன்.

"நல்ல வடிவாயிருக்குப் பிள்ளை" என்றார். "இடைக்கிடை ஒருக்கா நிண்டுபோகுது போலை. நான் வரேக்கை கறுப்பாக் கிடக்கும். அது எங்கடை இன்ரநெற் பிழையாக்கும், என்ன?"

நான் சொல்ல வேண்டிய பொய்யை அவரே எனக்கு எடுத்துத் தந்தார். நான் அதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஓம் அன்ரி, அதாத்தான் இருக்கும். இன்ரநெற் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டிப் பேந்து போட்டுப் பாருங்கோ."

பிறகு அழைப்புப் படிவத்தில் "மிகத் திருப்தி" என்ற கட்டத்துக்குள் நானே அடையாளம் போட்டேன்.

இன்னும் நான்கு நாள் இருந்தது. "அன்ரி, அதைத் திருப்பி அனுப்புங்கோ, வேறை எடுத்துத் தாறன்" என்ற ஒரு வசனம் போதும். தமிழில் சொன்னால் அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் விளங்கியிராது. ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். வறுமை என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் மன்னித்துவிடுவீர்கள். அது பொய். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. என் ஆறு மாத ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. நிரந்தரமாக்குவதா என்று மேலே கதைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவை என்ற கட்டம் வெறுமையாக இருப்பதுதான் என் கெட்டித்தனம். அதில் ஒன்று விழுவதை நான் விரும்பவில்லை. முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக ஒரு அலுவலகத்தில் என்னைப் பார்த்துக் கெட்டிக்காரி என்றார்கள். அதற்காகத்தான் செய்தேன். திருத்தம் கெதியில் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா ஒவ்வொரு பின்னேரமும் கேட்டா, "அந்தப் பரிஸ்காரியின்ரை ரீவி ஓடுதோ?" நல்லாயிருக்காம் என்றேன். பதினான்காம் நாள் வந்து போனது. மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். மேற்பார்வையாளர் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்துக் கைதட்டினார். டோனட்டில் நல்லதை முதலில் எடுக்கச் சொன்னார்.

திருத்தம் வரத்தான் வந்தது, ஏப்ரல் நடுப்பகுதியில். அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகு அன்ரி எடுத்தார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கோணும். இந்த ரீவியை வேறை இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டலாமோ? அங்கை இன்ரநெற் வேறையாம். எப்பிடி மாத்திறதெண்டு சொல்லித் தாறியே?"

வேறு இடம் என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. அவராகச் சொன்னார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது திரை கறுப்பாகக் கிடந்ததாம். கணவர் கதிரைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நிலத்தில் கிடந்தார். எத்தனை மணி நேரமாகக் கிடந்தார் என்று தெரியாது. கூப்பிட அவருக்குக் குரல் இல்லை. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வைத்தியசாலையில் இருந்து அவரை வீட்டுக்கு விடவில்லை, நேரே பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"இன்ரநெற் பெட்டியை மாத்தினனான் பிள்ளை" என்றார். "கொம்பனிக்காரன் வந்து பாத்திட்டு, லைன் நல்லாத்தான் இருக்கு மடம், ரீவியைத் திருப்பிக் குடுங்கோ எண்டான். திருப்பிப் பெட்டியிலை போட்டு ரேப்பும் ஒட்டி வைச்சனான், பதின்மூண்டாம் நாள். பேந்து யோசிச்சுப் பாத்தன். நான் அனுப்பினால் உனக்கெல்லோ வேலையிலை பேச்சு விழும். எங்கடை பிள்ளை ஒண்டு கஷ்டப்பட்டு நிக்குது எண்டு நினைச்சு, திரும்ப அவிட்டுப் பூட்டினன்."

ஒரு கறுப்புத் திரையை அவர் எனக்காக வீட்டில் வைத்திருந்தார். நான் எனக்காக அவரை அதோடு விட்டுவைத்தேன்.

"எனக்குத் தெரியும் அன்ரி" என்றேன்.

"என்ன தெரியும்?"

"அந்த ரீவி நிண்டுபோகும் எண்டு. உங்கடை இன்ரநெற் பிழையில்லை. இங்கை எங்களுக்கு அறிவிச்சவை."

"எப்ப?"

"பத்தாம் நாள் நான் எடுத்தனெல்லே. அதுக்கு முதல் நாள்."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்று நினைத்தேன். என் தாயைச் சொல்லி, வளர்த்த வளர்ப்பைச் சொல்லி ஏசட்டும். அவர் ஏசவில்லை. மறுபடி கதைத்தபோது பிள்ளை என்ற சொல் இல்லை, யாரோ அலுவலகத்தாளிடம் கதைப்பது போலக் கதைத்தார்.

"அவர் ஒவ்வொரு நாளும் அழுகிறார். தான் பொறுமையில்லாமல் எழும்பினதாலைதான் இவ்வளவும் வந்ததெண்டு நினைக்கிறார். கதைக்க ஏலாது, இடக்கையை எடுத்து நெஞ்சிலை அடிச்சு அடிச்சுக் காட்டுவார், தன்ரை பிழை எண்டு. நான் இல்லையெண்டு சொன்னால் நம்புறாரில்லை. அவருக்கு ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைக்கிறார். நீங்கள் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ரண்டு மணிக்கு நான் அங்கை நிப்பன். என்ரை போனுக்கு எடுங்கோ, அவற்றை காதிலை வைக்கிறன். இப்ப எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லுங்கோ."

சரி என்றேன். ஒரு பொய் சொல்லித் தப்பலாம் என்று அப்போது தோன்றவில்லை. சனிக்கிழமை முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. இலக்கத்தை மாற்றலாம், சுகமில்லை என்று சொல்லலாம், எடுக்காமலே விட்டாலும் அவர் என்ன செய்துவிடப்போகிறார். அம்மாவுக்கு நான் இதுவரை சொல்லவில்லை. இதை வாசித்துக் காட்டப் போவதுமில்லை.

அவர்களுக்கு இரண்டு மணி என்றால் எங்களுக்குக் காலை எட்டு. அம்மா உள்ளே தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தா. நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே இரும்புப் படியில் போய் இருந்தேன். படியின் கீழே பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை வாசிப்பது சரியில்லை என்று பட்டது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எடுத்தேன்.

அன்ரி வணக்கம் சொல்லவில்லை. "வைக்கிறன்" என்றார்.

முதலில் ஒரு அறையின் சத்தம். தூரத்தில் யாரோ பிரெஞ்சில் பெரிதாகச் சிரித்தார்கள், தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்தில், மிகப் பக்கத்தில், ஒருவர் மூச்சு விடுவது கேட்டது.

"அங்கிள், நான் ரீவி வித்த பிள்ளை. மொன்ட்ரியாலிலை இருந்து கதைக்கிறன்." மூச்சு ஒரு கணம் நின்றது. "ரீவியிலைதான் பிழை. நீங்கள் எழும்பினது பிழையில்லை. அது நிண்டுபோகும் எண்டு எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டு அன்ரிக்குச் சொல்லேல்லை. மாத்தித் தந்திருக்கலாம், தரேல்லை. என்ரை வேலைக்காகச் சொல்லாமல் விட்டன். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

மூச்சு வேகமாக வந்தது. தொண்டைக்குள் இருந்து ஏதோ ஒன்று கிளம்பி, சொல்லாக முடியாமல் நின்றது. அழுகையா கோபமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவருக்கு விளங்கவில்லையோ என்று பயந்து மறுபடி முதலில் இருந்து சொன்னேன். அவர் அதற்கும் மூச்சுதான் விட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரால் ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது இன்னொரு திருட்டு என்று பட்டது. கேட்காமல் விட்டேன்.

தொலைபேசி கை மாறியது.

"அன்ரி, என்ன செய்யிறார்?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றார். "கேட்டிட்டார்."

வைத்துவிட்டார்.